மனப்புண்ணுக்கு இழப்பீடு: அளப்பவர் யார், கொடுப்பவர் யார்?

யாருடைய நினைவாக ஆண்டுதோறும் இந்த உரையை நடத்துகிறோமோ அந்த மூத்த தோழரைக் கூட்டங்களில் பார்த்தவர்கள் நம்மில் பலர். அவர் வேலை செய்த அலுவலகத்தில் பார்த்தவர்கள் குறைவு. அவர் மறைந்த பிறகு குடும்பத்தார் அவருடைய புத்தகங்களை நம் அமைப்புக்குக் கொடுத்தபோது, கட்டுக்குள் இரண்டு நீளக் குறிப்பேடுகளும் இருந்தன. எழுத்தராகச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வுபெறும் வரை அலுவலகத்தில் தனக்கு நடந்ததைத் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறார். ‘டீ வந்தது. எனக்கு மட்டும் பேப்பர் கப்.’ ‘பதவி உயர்வுப் பட்டியல் வந்தது. உங்களுக்கென்ன சார், கோட்டா இருக்கிறது என்றார்கள். சிரித்தேன்.’ ‘பிரிவில் எல்லோருக்கும் கிரகப்பிரவேசப் பத்திரிகை. எனக்கு இல்லை.’ இப்படியே பக்கம் பக்கமாகப் போகிறது. ஓரிடத்தில்கூட ‘வலித்தது’ என்று எழுதவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். சென்ற ஆண்டு, ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கும் நம் தங்கை ஒருத்திக்காகப் பேசப் போனோம். மேலாளர் அவளைத் தன் அறைக்கு அழைத்து, கதவைச் சாத்திவிட்டு, சாதியைச் சொல்லிப் பேசியிருக்கிறார். மனிதவள அதிகாரி அதை முழுதாக மறுக்கவில்லை. அவர் கேட்டது வேறு: ‘சம்பளத்தில் எதுவும் பிடித்தோமா? வேலையை விட்டு எடுத்தோமா? அந்தப் பெண்ணுக்கு என்ன நஷ்டம், சொல்லுங்கள்.’ எங்களுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வெளியே வந்ததும் அவளுடைய அப்பா எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்டார்: ‘மானத்துக்குக் காசு வாங்கச் சொல்றீங்களா?’

இந்த இரண்டு கேள்விக்கும் நடுவில்தான் இன்றைய பொருள் இருக்கிறது. வேலையிடத்தில் பாகுபாட்டால் மனம் புண்பட்டால், சம்பள இழப்பு ஒரு பைசா இல்லாவிட்டாலும், அந்தப் புண்ணையே ஒரு நஷ்டமாக எண்ணி முதலாளியிடமிருந்து பணம் வாங்கித் தரும் சட்டம் பிரிட்டனில் இருக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது, எங்கே நம்மைக் கைவிடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் நம் ஊரில் எதைக் கேட்க வேண்டும் என்பதும் தெளியும்.

பிரிட்டனின் 1975ஆம் ஆண்டுப் பாலினப் பாகுபாட்டுச் சட்டமும் 1976ஆம் ஆண்டு இன உறவுகள் சட்டமும் ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டன. பாகுபாட்டுக்கான இழப்பீட்டில் புண்பட்ட உணர்வுக்கான தொகையும் அடங்கலாம் என்பது அந்த வரி. இன்று அது 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தில் இருக்கிறது. வரி இருந்ததே தவிர, நீதிமன்றங்களுக்கு ஆரம்பத்தில் கை வரவில்லை. 1980களில் பார்க்ஹர்ஸ்ட் சிறையில் ஒரு கறுப்பினக் கைதிக்குச் சமையலறை வேலை மறுக்கப்பட்டது. அவருடைய இனத்தையே குற்றமாக்கி அதிகாரிகள் அறிக்கை எழுதியிருந்தார்கள். கீழ் நீதிமன்றம் அவர் மனப்புண்ணுக்குப் போட்ட விலை 50 பவுண்டு. 1988இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை 500 ஆக்கியது. அப்போது அது சொன்ன காரணம்தான் முக்கியம்: தொகை அளவோடு இருக்க வேண்டும், ஆனால் பெயருக்குக் கொடுப்பதாக இருந்தால் சட்டத்தின் நோக்கமே கேலியாகிவிடும். அதே ஆண்டு இலங்கையில் பிறந்த ஒரு பெண் மருத்துவரின் வழக்கு. நுண்ணுயிரியல் மருத்துவப் பதவிக்குத் தகுதி இருந்தும் இனக் காரணத்தால் ஒதுக்கப்பட்டார். தீர்ப்பாயம் கொடுத்த 5,000 பவுண்டை மேல்முறையீட்டு நீதிமன்றம் 3,000 ஆகக் குறைத்தது. சிறைக் கைதிக்குக் கூட்டியவர்கள் மருத்துவருக்குக் குறைத்தார்கள். கையில் அளவுகோல் இல்லாத காலம் அது.

1990களில் இரண்டு மாற்றங்கள் வந்தன. பாகுபாட்டு வழக்கில் மொத்த இழப்பீட்டுக்கு இருந்த உச்சவரம்பு பாலின வழக்குகளில் 1993இலும் இன வழக்குகளில் 1994இலும் நீக்கப்பட்டது. பிறகு 1997இல், ஒரு கறுப்பினச் சிறைப் பணியாளரின் வழக்கு. கறுப்பினக் கைதி ஒருவரை நடத்திய விதத்தை எதிர்த்துப் பேசியதற்காக அவரை உடன் வேலை செய்பவர்களே மாதக்கணக்கில் வதைத்தார்கள். அவருக்குக் கிடைத்த 21,000 பவுண்டை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உறுதிசெய்தது. அந்தத் தீர்ப்பு வகுத்த நெறிகள் இன்றும் நடப்பில் உள்ளன. இழப்பீடு புண்ணை ஆற்றுவதற்கு; முதலாளியைத் தண்டிப்பதற்கு அல்ல. நீதிபதிக்கு வந்த கோபம் தொகையை ஏற்றிவிடக் கூடாது. மிகக் குறைவாகக் கொடுத்தால் சட்டத்தின் மீது மதிப்புப் போகும். மிக அதிகமாகக் கொடுத்தால் அதுவும் போகும். தொகையை எழுதும்போது, அந்தப் பணத்துக்கு வெளியே கடைத்தெருவில் என்ன வாங்க முடியும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். கடைசி நெறி எங்களுக்கு மிகவும் பிடித்தது. அதைக் கேட்காத நீதிமன்றங்கள் நம் நாட்டில் நிறைய.

அளவுகோல் வந்தது 2002இல். மேற்கு யார்க்ஷயர் காவல் துறையில் தகுதிகாண் பருவத்தில் இருந்த ஒரு பெண் காவலர் 1997இல் வேலையை விட்டு நீக்கப்பட்டார். அவரிடத்தில் ஓர் ஆண் இருந்திருந்தால் நீக்கியிருக்க மாட்டார்கள் என்று தீர்ப்பாயம் கண்டது. மனப்புண்ணுக்கு 65,000 பவுண்டு என்றது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை 30,000 ஆக்கியது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 23,000த்தில் நிறுத்தியது: புண்ணுக்கு 18,000, முதலாளி நடந்துகொண்ட விதம் புண்ணைக் கிளறியதற்கு 5,000. மனநோய்க்கான 9,000 தனி. ஒரே பெண், ஒரே புண், மூன்று விலை. அந்தச் சங்கடத்தில்தான் நீதிமன்றம் மூன்று படிகளை வகுத்தது. அவர் பெயரால் அவை இன்றும் ‘வென்டோ படிகள்’ எனப்படுகின்றன. ஒருமுறை நடந்த, கடுமை குறைந்த செயலுக்குக் கீழ்ப்படி. மேற்படிக்குப் போகாத, ஆனால் கனமான செயலுக்கு நடுப்படி. நீண்ட நாள் திட்டமிட்டு வதைத்ததற்கு மேற்படி. அன்று கீழ்ப்படி 500 பவுண்டில் தொடங்கி மேற்படி 25,000த்தில் முடிந்தது. அவமானத்தையும் கலக்கத்தையும் அச்சத்தையும் காசாக மாற்றுவது செயற்கையான வேலைதான் என்று அந்தத் தீர்ப்பே ஒப்புக்கொள்கிறது. விலைவாசிக்கு ஏற்பத் தொகைகள் உயர்ந்து, இப்போது ஒவ்வோர் ஏப்ரலிலும் திருத்தப்படுகின்றன. 2025 ஏப்ரலில் செய்த திருத்தத்தின்படி கீழ்ப்படி 1,200 முதல் 12,100 வரை, நடுப்படி 36,400 வரை, மேற்படி 60,700 பவுண்டு வரை. மிக அரிதான வழக்கில் அதற்கு மேலும் போகலாம்.

மருத்துவச் சான்று கட்டாயமில்லை. புண்பட்டேன் என்பதை வழக்குத் தொடுத்தவர் சொல்ல வேண்டும், நிறுவ வேண்டும். பாகுபாடு நடந்தது என்பதாலேயே பணம் தானாக வராது. எத்தனை நாள் தூக்கம் போனது, வேலைக்குப் போகக் கால் எழவில்லையா, வீட்டாரிடம் எரிந்து விழுந்தாரா, நண்பர்களைத் தவிர்த்தாரா என்பதெல்லாம் அங்கே சாட்சியம். எளிதில் நொறுங்கும் மனம் உள்ளவர் என்றால், ‘வேறொருவர் தாங்கியிருப்பாரே’ என்று முதலாளி தப்ப முடியாது. அடிபட்டவர் எப்படிப்பட்டவரோ அப்படியே அவரை எடுத்துக்கொள்ள வேண்டும். பணம் கொடுக்க வேண்டியவர் முதலாளி. செய்தது மேலாளர் என்றாலும், அதைத் தடுக்க நியாயமான எல்லா ஏற்பாடும் செய்திருந்தோம் என்று காட்டினால் ஒழிய, நிறுவனமே பொறுப்பு. செய்த ஆளையும் வழக்கில் சேர்க்கலாம்.

மனிதவள அதிகாரியின் கேள்விக்கு இங்கே பதில் இருக்கிறது. சம்பளம் குறையாவிட்டாலும் நஷ்டம் உண்டு. அப்பாவின் கேள்விக்கும் ஒரு பாதிப் பதில் இருக்கிறது. இது மானத்தை விற்ற காசு அல்ல. காயம் பட்டது உண்மை, அதைப் படுத்தியது இன்னார் என்று ஒரு தீர்ப்பாயம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, காயப்படுத்தியவர் பையிலிருந்து எடுத்துத் தருவது. விபத்தில் கால் போனவர் வாங்கும் பணத்தை யாரும் காலை விற்ற காசு என்று சொல்வதில்லை.

ஆனால் இந்தச் சட்டம் எல்லாப் புண்ணையும் பார்ப்பதில்லை. ஒருவரை அநியாயமாக வேலையை விட்டு நீக்கினால், அந்த நீக்கத்தால் பட்ட மனப்புண்ணுக்கு இழப்பீடு கிடையாது என்று பிரபுக்கள் சபை 2004இல் தீர்ப்பளித்தது. புண் ஒன்றுதான், அது பாகுபாட்டால் பட்டது என்றால் மட்டுமே விலை உண்டு. பாகுபாடு என்றாலும், சட்டம் பட்டியலிட்ட பண்புகளில் ஒன்றால் பட்டிருக்க வேண்டும்: வயது, ஊனம், இனம், மதம், பாலினம் என்று போகும் பட்டியல். இந்தப் பட்டியல்தான் வாசல். 2016இல் நைஜீரியாவிலிருந்து வந்த இரண்டு வீட்டு வேலைப் பெண்களின் வழக்கு பிரிட்டன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அவர்களைக் கொடுமைப்படுத்தியதை யாரும் மறுக்கவில்லை. சம்பளப் பாக்கி கிடைத்தது. ஆனால் அவர்கள் வதைபட்டது நைஜீரியர்கள் என்பதால் அல்ல, விசா நிலையால் கதியற்றவர்களாக இருந்ததால் என்று நீதிமன்றம் முடிவுசெய்தது. விசா நிலை பட்டியலில் இல்லை. எனவே மனப்புண்ணுக்கு ஒன்றுமில்லை. அவர்கள் பட்ட துயரம் முழுவதற்கும் இந்தச் சட்டத்தில் நிவாரணம் இல்லை என்று அந்தத் தீர்ப்பே வருந்தியது.

சாதி அந்தப் பட்டியலில் இருக்கிறதா? இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். 2010ஆம் ஆண்டுச் சட்டம், சாதியை இனத்தின் ஒரு கூறாகச் சேர்க்க அமைச்சருக்கு அதிகாரம் மட்டும் கொடுத்தது. பிரிட்டனில் வாழும் தலித் அமைப்புகளின் போராட்டத்தால் 2013இல் அந்த வரி திருத்தப்பட்டு, ‘சேர்க்கலாம்’ என்பது ‘சேர்க்க வேண்டும்’ என்றானது. சேர்க்கவில்லை. 2017இல் கருத்துக் கேட்டார்கள். சாதி இந்து அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. 2018 ஜூலையில், நீதிமன்றத் தீர்ப்புகளே போதும், சட்டம் தேவையில்லை என்று அரசு கைவிரித்தது. செய்யப்படாத ஒரு கடமையாக மட்டுமே சாதி என்ற சொல் அந்தச் சட்டத்தில் கிடக்கிறது.

அரசு சுட்டிக்காட்டிய தீர்ப்பு ஒரு பழங்குடிப் பெண்ணின் வழக்கு. பீகாரைச் சேர்ந்த ஆதிவாசி கிறித்தவர். ஓர் இந்தியக் குடும்பம் அவரை வீட்டு வேலைக்கு இங்கிலாந்துக்கு அழைத்துப் போனது. நான்கரை ஆண்டுகள்; வாரத்தில் ஏழு நாளும்; நாளுக்குப் பதினெட்டு மணி நேரம்; கூலியைக் கணக்குப் போட்டால் மணிக்கு 11 பென்ஸ். படுக்கை, தரையில் போட்ட ஒரு மெத்தை. பாஸ்போர்ட் அவர்களிடம். சாதி பட்டியலில் இல்லை, அந்தக் குற்றச்சாட்டையே நீக்குங்கள் என்று முதலாளிகள் வாதாடினார்கள். 2014 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மறுத்தது: சாதி பிறப்பு வழியாக வருவது, ஆகவே பல சூழல்களில் அது ‘இன மூலம்’ என்ற சொல்லுக்குள் அடங்கும். 2015இல் சம்பளப் பாக்கியாக மட்டும் 1,83,773 பவுண்டு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. இன அடிப்படையிலான துன்புறுத்தலும் நடந்தது என்று தீர்ப்பாயம் கண்டது. பெரிய வெற்றிதான். ஆனால் அங்கே சாதியால் புண்பட்டவர் ஒவ்வொரு முறையும் இனம் என்ற வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும். என் புண்ணுக்குக் காரணம் சாதி என்று சொல்லி, அதை வேறொரு பெயரில் மொழிபெயர்த்தும் காட்ட வேண்டும்.

இனி நம் ஊருக்கு வருவோம். ‘நமக்குத்தான் பி.சி.ஆர். இருக்கிறதே’ என்று சிலர் கேட்பீர்கள். நாம் பழைய பழக்கத்தில் பி.சி.ஆர். என்று சொல்லும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உயிரைக் கொடுத்து வாங்கியது. அதைக் குறைத்துப் பேச வரவில்லை. 2016இல் திருத்தப்பட்ட அதன் விதிகளில் நிவாரண அட்டவணை இருக்கிறது. இழிவுபடுத்தும் நோக்கத்தோடு வேண்டுமென்றே அவமதித்தால் பாதிக்கப்பட்டவருக்கு ஒரு லட்சம் ரூபாய். முதல் தகவல் அறிக்கை பதிந்ததும் கால் பங்கு, குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும் பாதி, தண்டனை கிடைத்தால் மீதி. அட்டவணை கையில் இருப்பதால் பேரம் பேச வேண்டியதில்லை, அது நல்லது. ஆனால் இந்தப் பணத்தைக் கொடுப்பது அரசு, அவமதித்தவர் அல்ல. அவரை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனமும் அல்ல. நம் எல்லோருடைய வரிப்பணத்திலிருந்து, புண்பட்டவருடைய வரியும் சேர்ந்து, நிவாரணம் போகிறது. ஒரு நாள் பட்டதற்கும் பத்தாண்டு பட்டதற்கும் அட்டவணை ஒன்றே.

அதோடு இது குற்றவியல் சட்டம். அவமதிப்பு ‘பொதுமக்கள் பார்வையில்’ நடந்திருக்க வேண்டும் என்பது அந்தப் பிரிவின் நிபந்தனை. வீட்டின் நான்கு சுவர்களுக்குள், வெளியார் யாரும் இல்லாதபோது பேசியது இதில் வராது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் இது அலுவலகத்துக்கும் வந்தது. நம் திருச்சி மாவட்டத்தில், பட்டா விவகாரமாக வந்த ஒருவர் ஒரு வருவாய் ஆய்வாளரை அவருடைய அலுவலக அறையிலேயே சாதி சொல்லித் திட்டினார் என்பது வழக்கு. உடன் பணிபுரிபவர்கள் பிறகுதான் வந்தார்கள். அறைக்குள் நடந்தது பொதுமக்கள் பார்வையில் நடந்ததாகாது என்று வழக்கு ரத்தானது. குற்றவியல் சட்டத்தின் சொற்களை இறுக்கமாகப் படிப்பதில் ஒரு நியாயம் இருக்கலாம். ஆனால் வேலையிடத்தில் சாதி பெரும்பாலும் மூடிய கதவுக்குப் பின்னால்தான் பேசும். நம் தங்கையின் மேலாளர் கதவைச் சாத்தியது சட்டம் படித்துவிட்டா என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். பிரிட்டன் சட்டத்தில் கதவு திறந்திருந்ததா என்ற கேள்வியே இல்லை. புண்பட்டதா என்பதே கேள்வி.

வேலையிட மனவேதனைக்குப் பணம் கொடுக்க இந்தியச் சட்டத்துக்குத் தெரியாது என்பதும் இல்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் இழப்பீட்டை முடிவுசெய்யும் முறை தெளிவாக இருக்கிறது: பாதிக்கப்பட்ட பெண்ணின் மன அதிர்ச்சி, வலி, வேதனை, வேலை வாய்ப்பில் இழந்தது, மருத்துவச் செலவு, செய்தவரின் வருமானம். அந்தத் தொகையைச் செய்தவரின் சம்பளத்திலிருந்தே பிடிக்கலாம். அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது? 1997ஆம் ஆண்டு விசாகா தீர்ப்பிலிருந்து. விசாகா எங்கிருந்து வந்தது? ராஜஸ்தானில் அரசின் மகளிர் திட்டத்தில் பணியாற்றிய, குயவர் சாதியைச் சேர்ந்த பன்வாரி தேவி, 1992இல் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காகத் தன்னைவிட மேல் என்று கருதிக்கொண்ட சாதி ஆண்களால் கூட்டு வல்லுறவுக்கு ஆளானதிலிருந்து. அவர் உடம்பில் சாதியும் பாலினமும் சேர்ந்துதான் அடித்தன. நீதிமன்றத்துக்குப் போய்ச் சட்டமாகத் திரும்பி வந்தபோது பாலினம் இருந்தது; சாதி வழியிலேயே இறக்கிவிடப்பட்டது. தனியார் வேலையிடத்தில் சாதிப் பாகுபாட்டுக்கு முதலாளியிடம் இழப்பீடு கேட்கும் உரிமையியல் சட்டம் நம்மிடம் இன்றும் இல்லை.

அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்பதே எங்கள் கருத்து. ஆனால் அது வந்தாலும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. அதனால்தான் குறிப்பேட்டில் தொடங்கினோம். பிரிட்டன் முறை, செயல் எவ்வளவு கொடியது என்பதை முதலில் பார்ப்பதில்லை. அது அந்த மனிதரை எவ்வளவு புண்படுத்தியது என்பதையே பார்க்கிறது. புண்ணைக் காட்டத் தெரிந்தவருக்கு இது சாதகம். நம் ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள். ‘அதெல்லாம் பழகிப்போச்சு தோழர்’ என்பார்கள். ஐந்து வயதில் பள்ளிக்கூடத்தில் பின்னால் உட்காரப் பழகியவர், ஐம்பது வயதில் பேப்பர் கப்பைப் பார்த்து அழ மாட்டார். வலியைக் காட்டாமலிருக்கப் பயிற்றுவிப்பதும் சாதியின் வேலை. ஒரு தீர்ப்பாயத்தில் ‘பழகிப்போச்சு’ என்று சொன்னால் கீழ்ப்படியிலும் கீழே போய்விடுவோம். தலைமுறை தலைமுறையாக அடித்ததற்கு அடித்தவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி அது.

ஆனால் பழகிப்போகவில்லை என்பதற்கு நம்மிடம் மிகப் பெரிய சாட்சி உண்டு. அண்ணல் அம்பேத்கர் 1917இல், உதவித்தொகை ஒப்பந்தப்படி பரோடா அரசில் வேலைக்குப் போனார். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்தவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். சில நாட்களில் தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள். இரண்டு நண்பர்களிடம் இடம் கேட்டார். இருவரும் சாக்குச் சொன்னார்கள். ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்து இரவு ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார். சுமார் பதினெட்டு ஆண்டுகள் கழித்துத்தான் அதை எழுதினார். இப்போதும் கண்ணீரில்லாமல் அந்தக் காட்சியை நினைக்க முடியவில்லை என்று எழுதினார். அதற்குள் அவர் மகாத் போராட்டத்தை நடத்தியிருந்தார், வட்டமேசை மாநாடுகளில் பேசியிருந்தார். அத்தனைக்குப் பிறகும் கண்ணீரை மறைக்காமல் எழுதினார். வலியை எழுதுவது பலவீனம் என்று நம் கூட்டங்களில் சொல்பவர்கள் அந்தப் பக்கங்களை ஒருமுறை படிக்க வேண்டும். தலித் தன்வரலாறுகளைப் புலம்பல் என்று ஒதுக்கிய விமர்சகர்களும்தான். அவர்கள் புலம்பல் என்றது ஒரு தீர்ப்பாயத்தில் முதல்தரச் சாட்சியம்.

நம் மூத்த தோழர் தேதியையும் சொன்னவரையும் எழுதினார். அது பாதிச் சாட்சியம். அன்று இரவு சாப்பிட்டாரா, மறுநாள் எந்த வழியாக அலுவலகம் போனார், யாரிடமாவது சொன்னாரா, சொல்லாமல் விட்டது ஏன் என்பது மீதிப் பாதி. அதனால் இந்த ஆண்டு மாவட்டக் கூட்டங்களில், வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளோடு உட்கார்ந்து, நடந்ததை எழுதிவைப்பது எப்படி என்று பேசி வருகிறோம். நடந்தது, கேட்டவர், நேரம், அதோடு மனதில் என்ன ஆனது, உடம்பில் என்ன ஆனது, வீட்டில் என்ன ஆனது. அன்றே எழுத வேண்டும். எழுதியதை நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பியும் வைக்க வேண்டும்.

நம் தங்கையும் எழுதினாள். முதலில் கொண்டுவந்த தாளில் மேலாளர் சொன்ன சொற்கள் மட்டும்தான் இருந்தன, அரைப் பக்கம். ‘அப்புறம் என்னம்மா ஆச்சு?’ என்று கேட்டுக் கேட்டு, மூன்றாவது முறை இரண்டரைப் பக்கம் வந்தது. அந்த நாளிலிருந்து லிஃப்டில் போகாமல் பின்பக்கப் படிக்கட்டில் ஏறுகிறாள். மதியச் சாப்பாட்டைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோய், அம்மா பார்க்கும் முன் நாய்க்குப் போட்டுவிடுகிறாள். சம்பள நாளில் கைப்பேசியில் வரும் செய்தியைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அதைப் படித்துவிட்டு அவளுடைய அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, புகாரோடு இதையும் சேர்த்துக் கொடுங்கள் என்றார். நிறுவனத்தின் குறைதீர் குழுவிடம் கொடுத்திருக்கிறோம். விசாரணைக்கு இன்னும் தேதி சொல்லவில்லை.